பத்து நாள் பதிலாள்

நான்கு வரி பாடினால் விலாவுக்குள் கோணி ஊசியை விட்டு இழுப்பது போல வலித்தது. ஐந்தாவது வரியில் இருமல் வந்தது. ஆறாவது வரி வரவே இல்லை. பாடகர் மேடை நடுவில் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். மில்லில் ஐந்து வருஷம் தின்ற பஞ்சுத் தூசியும், அங்கே தொடங்கி நாற்பது வருஷம் இழுத்த சிகரெட்டும் நெஞ்சுக்குள் பங்காளிகளைப் போல அடித்துக்கொண்டன.

சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

"சார், பாட்டு மூணு நிமிஷம். உங்க மூச்சு முப்பது செகண்டு. எங்கயோ இடிக்குதே."

"வயசாயிடுச்சுப்பா."

"எனக்கும் தெரியுது. பேசாம பழைய ரிக்கார்டையே போட்டுடலாம். நீங்க வாயை மட்டும் அசைங்க."

டிவிக்காரி கையில் குறிப்பு அட்டையோடு ஓடி வந்தாள். முப்பது வயதிருக்கும். இந்த நிகழ்ச்சி அவளுடைய யோசனை. இது கவிழ்ந்தால் அவள் வேலையும் கவிழும்.

"தப்பா நினைக்காதீங்க சார். இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"பாட முடிஞ்சவங்களே அசைக்கிறாங்க. நான் முடியாம அசைக்கிறேன். அவ்வளவுதானே வித்தியாசம்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்தார். எழுபது வயதில் மேடைக்குத் திரும்பி வந்து மீன் மாதிரி வாயைத் திறந்து மூட வேண்டியதாகிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தார். அப்புறம் ஒன்று தோன்றியது. குரலை ரிக்கார்டு பார்த்துக்கொண்டால் வாய் சும்மாதானே இருக்கும்.

"நான் வாயை அசைக்கிறப்ப கேமரா எங்க இருக்கும்?"

"முதல் சரணம் உங்க முகம். ரெண்டாவது சரணம் முழுக்க ஜனங்க பக்கம் திருப்பிடுவோம். அழுவாங்க இல்ல, அதை எடுக்கணும்."

"யாரு அழுவா?"

"யாராவது அழுவாங்க சார். எப்பவும் அழுவாங்க."

"முன்வரிசை?"

"நீங்க சொன்னபடியேதான். மில்லுல வேலை செஞ்ச பொம்பளைங்க பதிமூணு பேர். சாயங்காலம் நாலு மணிக்கு வேன் வந்துடும். உங்க தங்கச்சி நடுவுல."

"அப்ப சரி. ரிக்கார்டையே போடுங்க" என்றார் பாடகர்.

டிவிக்காரி முதலில் கூப்பிட்டபோது அவர் போட்டது இரண்டே நிபந்தனைகள். நிகழ்ச்சி, மூடிக்கிடக்கும் மில்லின் மனமகிழ் மன்றத்தில் நடக்க வேண்டும். முன்வரிசையில் அந்தப் பெண்கள் உட்கார வேண்டும். பழசை மறக்காத மனுஷன் என்று அவள் நெகிழ்ந்துபோனாள். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: தன் தங்கச்சி மூன்று நிமிஷம் தன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்க்கவில்லை.

அவர் பாடிய விதம் பிறந்தது அந்த மில்லில்தான். தறிக்கூடத்தில் இருநூறு தறி ஒரே நேரத்தில் ஓடும். அங்கே கத்துகிறவன் புது ஆள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கத்தினால் தொண்டை கிழியுமே தவிர பக்கத்துத் தறிக்குக்கூடக் கேட்காது. தள்ளி நிற்பவரிடம் உதட்டால்தான் பேச வேண்டும். குரல் கூடாது, உதட்டை நன்றாக விரித்து மடக்க வேண்டும், அவ்வளவுதான். நாற்பது அடி தள்ளி நிற்பவரும் படித்துக்கொள்வார். ரகசியம் என்றால் உள்ளங்கையை வாய்க்குப் பக்கத்தில் மறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கூடம் முழுக்கப் படித்துவிடும். மேஸ்திரியைத் திட்டுவதென்றால் இரண்டு கையும் வேண்டும்.

பக்கத்தில் நிற்பவருக்கு வேறு வழி இருந்தது. காதுக்கு ஒரு விரல்கடை தள்ளி வாயை வைத்து அடிக்குரலில் மெதுவாகச் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால்தான் இரைச்சலுக்கு அடியில் நுழைந்து போகும். அவர் அப்படியே பாடவும் செய்தார். கேட்கிறவர்கள் ஒரு பாட்டுக்கு ஒரு சிகரெட் கொடுத்தார்கள். மில்லில் அவர் பெயர் குசுகுசு.

ரிக்கார்டு கம்பெனிக்காரர் புது மைக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆள் தேடி வந்த காலம் அது. அன்றைக்கு இருபது பேர் பாடினார்கள். கொட்டகையின் கடைசி பெஞ்சு வரை கேட்கப் பாடிப் பழகிய தொண்டைகள். மைக் அலறியது. இருபத்தோராவதாக நின்ற குசுகுசுவுக்கு மைக் என்றால் என்னவென்றே தெரியாது. காது போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. காது என்றே நினைத்துப் பாடினார்.

"இவன் பாடலைங்க முதலாளி. எவன் பொண்டாட்டிகிட்டயோ ரகசியம் பேசறான்" என்றான் கம்பெனிக்காரரோடு வந்த கணக்குப்பிள்ளை.

"பேசட்டும். எந்தப் பொண்டாட்டியும் காதை எடுக்க மாட்டா" என்றார் முதலாளி.

பதிவுக்கு வேறு ஊர் போக வேண்டும். பத்து நாள். தறி ஒரு ஷிப்ட் சும்மா நின்றால் மேஸ்திரி அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். வீட்டு ஆள் ஒருவர் பதிலாளாக நின்றால் தறி அந்த வீட்டுக்கே இருக்கும். அப்பா அப்போதே நெஞ்சடைத்துப் படுத்திருந்தார். அம்மாவால் அவரை விட்டு நகர முடியாது. மிச்சம் தங்கச்சிதான். பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம், பரீட்சைக்கு நாற்பது நாள் இருந்தது. டீச்சராகப் போகிறேன் என்று சுவரில் கரித்துண்டால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"பத்து நாள்தாம்மா. நான் வந்ததும் நீ பரீட்சைக்குப் போயிடலாம்."

"நூல் அறுந்தா முடிச்சுப் போடக்கூடத் தெரியாதே எனக்கு."

"ஒரே நாள்ல வந்துடும். உனக்குச் சின்னக் கை."

பத்து நாளில் இரண்டு பாட்டு. இன்னும் இரண்டு பாடிவிட்டுப் போ என்றார்கள். "கதவைத் திறக்காதே, குரல் மட்டும் போதும்" என்று ஒரு பாட்டு பாடினார். அந்த வருஷம் அது ஒலிக்காத டீக்கடை இல்லை. ரேடியோவில் 'காதோரப் பாடகர்' என்றார்கள். முகப்பவுடர் டப்பாவில் அவர் படம் வந்தது. ஆறு வருஷம் அவர் கால் தரையில் படவில்லை. கல்யாணம் நடந்தது, கார் வந்தது. ஒரு தடவை ஆறு ரிக்கார்டுகளை வீட்டுக்குப் பார்சலில் அனுப்பினார். வீட்டில் கிராமபோன் இல்லை என்பது அவருக்கு நினைவில்லை. ஊரெல்லாம் அவர் குரலைக் கேட்டது. வீட்டில் அதை வைத்துத் தண்ணீர்ப் பானைகளை மூடினார்கள்.

ஏழாவது வருஷம் ஜனங்களுக்குக் காதோரம் சலித்துவிட்டது. டிரம்ஸ் வந்தது, குதித்துக்கொண்டு பாடுகிறவர்கள் வந்தார்கள். அவர் ஓட்டல்களில், சாப்பிடுகிறவர்களின் கரண்டிச் சத்தத்துக்கு நடுவே பாடினார். பயணிகள் கப்பலில் பாடினார். பிறகு பாடவில்லை. குடித்தார். மனைவி ஒரு நாள் அலமாரியைக் காலி செய்துகொண்டு போனாள். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கும் வேலை கிடைத்தது. பதினெட்டு வருஷம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து "நாலாவது மாடி, எக்ஸ்ரே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு டிவி நாடகத்தில் அவருடைய பழைய பாட்டைப் போட்டு, அது மறுபடியும் வாய்க்கு வாய் ஓடிக்கொண்டிருந்த சமயம். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த டிவிக்காரி லிஃப்டில் ஏறினாள். "நாலாவது மாடி" என்ற குரலைக் கேட்டு இறங்காமல் நின்றுவிட்டாள்.

இதற்கு நடுவில் அவர் ஊருக்குப் போனது இரண்டு தடவை. அப்பா செத்தபோது ஒரு மணி நேரம் இருந்தார். காருக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. அம்மா செத்தபோது மூன்று நாள் இருந்தார். அப்போது கூட்டமும் இல்லை, காரும் இல்லை. தங்கச்சிக்கு நாற்பத்தொரு வயது. காது முழுக்கப் போயிருந்தது. தறிக்கூடத்தில் இருபத்துநாலு வருஷம் நின்றால் யாருக்கும் போகும். அவர் அவள் காதோரம் குனிந்து பழைய குரலில் என்னவோ சொன்னார். ஈ மொய்த்தது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

காது போனவளோடு சண்டை போட முடியாது. அவள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும், பேச்சு முடிந்தது. மூன்று நாளும் அவர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவள் அடுப்பைப் பார்த்தாள், துடைப்பத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு கடிதம் போட்டார். இரண்டும் பிரிக்காமல் திரும்பி வந்தன. அம்மா செத்து ஏழு வருஷத்தில் மில் மூடியது. அதுவரை அவள் அதே தறியில்தான் நின்றாள்.

நாலு மணிக்கு வேன் வந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒளிந்து நின்று பாடகர் பார்த்தார். பதிமூன்று கிழவிகள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சத்தமே இல்லை. ஆனால் பேச்சு ஓயவில்லை. உதடுகள் நிற்காமல் ஓடின. அவரால் இன்னும் படிக்க முடிந்தது.

'சீட்டு மெத்து மெத்துன்னு இருக்குடி. எழுந்திருக்க மறந்துடப் போறேன்.'

'உங்க அண்ணன் பவுடர் போட்டுட்டு வருவாரா?'

'டப்பாவுல படம் போட்டவராச்சே. டப்பாவையே கொட்டிக்கிட்டு வருவாரு.'

எல்லாரும் குலுங்கினார்கள். நடுவில் தங்கச்சி. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. மற்றவர்கள் அவள் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். அது அவருக்கு விசித்திரமாகப் பட்டது. பாட்டுக்காரனுடைய தங்கச்சி என்பதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விளக்கு அணைந்து மேடையில் மட்டும் எரிந்தது. கைதட்டல். இன்னும் ஒரு வரிகூடப் பாடவில்லை, அதற்குள் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். ரிக்கார்டு ஓடியது. இருபத்துநாலு வயதுக் குரல் மன்றத்தை நிறைத்தது. எழுபது வயது வாய் அதோடு ஒட்டிக்கொண்டு அசைந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முன்வரிசைக்கு அந்தக் கேள்வியே இல்லை. அவர்களுக்கு ரிக்கார்டு கேட்காது. பதிமூன்று பேரும் அவர் உதட்டைத்தான் பார்த்தார்கள். தங்கச்சியும் பார்த்தாள். வேறு வழியில்லை, பக்கத்தில் அத்தனை பேரை வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்க முடியாது.

முதல் சரணம் முடிந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்து, அது ஜனங்கள் பக்கம் திரும்பியது. இரண்டாவது சரணம் தொடங்கியது. பாடகர் பாட்டை விட்டுவிட்டார். மைக்கிலிருந்து முகத்தை விலக்கி, தங்கச்சியைப் பார்த்து, தறிக்கூடத்தில் பேசுவது போல உதட்டை விரித்தும் மடக்கியும் சொன்னார்.

'பத்து நாள்னு சொல்லிட்டுப் போனேன். வரல. உன் பரீட்சை போச்சு. உன் காது போச்சு. ஆறு வருஷம் கார்ல சுத்தினப்ப உன்னை ஒரு தடவைகூடக் கூப்பிடல. ஒரு ரூபா அனுப்பல. எல்லாம் என் தப்பு. என்னை மன்னிச்சிடும்மா.'

சொல்லி முடித்தார். உடம்பு லேசானது. இருபத்திரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது போல இருந்தது. தங்கச்சி படித்துவிட்டாள் என்பது தெரிந்தது. அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது.

அடுத்து, அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள். பக்கத்துத் தறியில் முப்பது வருஷம் நின்றவள். முடிச்சு என்று கூப்பிடுவார்கள்.

'என்னடி சொல்றாரு? ஒரு தடவைகூடக் கூப்பிடலையாம்?'

இடது பக்கத்துக்காரி திரும்பினாள்.

'வருஷா வருஷம் வண்டி அனுப்பறான், நான்தான் போகலன்னு சொன்னியே.'

'ஒரு ரூபாகூட இல்லையா? அப்ப மாசாமாசம் மணியார்டர்?'

வரிசையின் இரண்டு கோடியிலிருந்தும் தலைகள் நடுவை நோக்கித் திரும்பின. பன்னிரண்டு பேரும் படித்திருந்தார்கள். பாடகர் அப்போதுதான் தன் வலது கையைப் பார்த்தார். அது மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. வாய்க்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய கை.

ஒரு பன்னிரண்டு வயதுப் பையன்கூட அந்தக் கூடத்தில் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

சரணம் முடியப் பத்து விநாடி இருந்தது. வாய் தானாகப் பாட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. கேமரா திரும்பி வந்தது. பாட்டு முடிந்தபோது மன்றம் எழுந்து நின்று தட்டியது. சிலர் விசிலடித்தார்கள். முன்வரிசை மட்டும் எழவில்லை.

பின்னறையில் டிவிக்காரி அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள்.

"சார்! சொன்னேன்ல, அழுவாங்கன்னு! உங்க தங்கச்சி சார்! ரெண்டாவது சரணம் பூரா அவங்க முகத்துலயே வச்சிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க அழப் போகுது பாருங்க."

"அதைப் போடாதீங்கம்மா."

"என்ன சார் இது? அதுதான் நிகழ்ச்சியே. நாலு ஊர்ல கேட்டுட்டாங்க. அடுத்த மாசம் கிளம்பணும். இந்தக் காகிதத்துல மட்டும் ஒரு கையெழுத்து..."

கதவில் தங்கச்சி நின்றாள். டிவிக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேசட்டும் என்று வெளியே போனாள்.

தங்கச்சி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் பேசியபோது குரல் ஏற்ற இறக்கமில்லாமல், பலகையைத் தட்டுவது போல வந்தது. தன் குரலையே கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

"கையை வாய்க்குப் பக்கத்துல வைக்கணும்னு தெரியாதா உனக்கு? அதுகூடவா மறந்து போச்சு?"

"உனக்குத்தாம்மா சொன்னேன்."

"பன்னெண்டு பேர் படிச்சாங்க."

"நீ அப்படிச் சொல்லி வச்சிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

"வேற எப்படிச் சொல்லணும்? அண்ணன் என்னை நிறுத்தி வச்சிட்டு ஓடிப்போயிட்டான்னா? அங்க நின்ன ஒவ்வொருத்தியும் கதியில்லாம நின்னா. நான் மட்டும் இஷ்டப்பட்டு நிக்கிறேன்னு சொன்னேன். அண்ணன் கூப்பிடறான், எனக்குத்தான் தறியை விட மனசில்லைன்னு. எல்லாரும் நம்பினாங்க. சண்டைன்னா என்கிட்டதான் தீர்ப்புக்கு வருவாங்க. மேஸ்திரி எவளையாவது திட்டினா நான்தான் போய் நிப்பேன். போனா போகட்டும்னு வேலையை விடக்கூடியவ இவ ஒருத்திதான்னு அவன் பயந்தான்." மூச்சு வாங்கினாள். "இன்னிக்கு இங்க வரவே எனக்கு இஷ்டமில்லை. உங்க அண்ணனாச்சே, வராம இருப்பியான்னு இழுத்துட்டு வந்தாங்க."

பாடகர் அவளுக்கு உதடு தெரியும்படி வெளிச்சத்துக்கு நகர்ந்தார்.

"மன்னிப்புக் கேட்டது தப்பாம்மா?"

"உனக்கு ஆறிடுச்சு இல்ல? முகத்துலயே தெரியுது."

அது உண்மை. சற்று முன்பு வரை உண்மையாக இருந்தது.

"நான் இப்ப என்ன செய்யணும்னு சொல்லு. வேணும்னா அவங்ககிட்ட போய் நான் சொன்னது பொய்னு சொல்றேன்."

"நீ சொன்னதுலயே உண்மை அது ஒண்ணுதானே. அதையும் பொய்யாக்கப் போறியா?" தங்கச்சி திரும்பிக் கதவைப் பிடித்தாள். பிறகு நினைத்துக்கொண்டவள் போல மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். "வெளியில பாவம் பாவம்னு பாத்துட்டு நிக்கிறாங்க. நான் போய் வண்டியில ஏறணும்."

அவள் போனாள். பாடகர் ஜன்னலுக்கு வந்தார். வேன் வாசலில் பன்னிரண்டு பேரும் ஏறாமல் காத்திருந்தார்கள். தங்கச்சி வந்ததும் முடிச்சு அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். தங்கச்சி தரமாட்டேன் என்று இழுத்துப் பார்த்தாள். முடிச்சு விடவில்லை. இன்னொருத்தி முழங்கையைப் பிடித்துப் படியேற்றினாள். ஜன்னல் ஓர இடத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து இடம் கொடுத்தாள். யார் உதடும் அசையவில்லை. நோயாளியை ஏற்றுவது போல அவளை ஏற்றினார்கள்.

வேன் கிளம்பும்போது அவள் முகம் ஜன்னலில் தெரிந்தது. முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டிவிக்காரி காகிதத்தோடு வந்து நின்றாள். நாலு ஊர், நாலு மேடை, எல்லாவற்றுக்கும் ரிக்கார்டுதான், மூச்சைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். பாடகர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். விலாவுக்குள் ஊசி ஏறி இறங்கியது. மேடையைக் கூட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள், நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

பத்து நாளுக்கென்று தங்கச்சியிடம் வாங்கியது முப்பத்தோரு வருஷம். அதில் ஒரு நாள்கூட அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.